போர்ட்டலில் இருப்பது ஒன்று, ஆபீஸில் நடப்பது இன்னொன்று

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கடிதத்தின் முக்கியமான பகுதி இது:

"மேடம், சென்னையில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு சரக்குப் போக்குவரத்து கம்பெனியில், அக்கவுண்ட்ஸ் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. வீட்டிலிருந்துதான் வேலை. மாதம் ஒருமுறை நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய் இரண்டு நாள் ஆபீஸில் இருந்துவிட்டு வருவேன். சேர்ந்த அன்றே, 'எல்லாம் இன்ட்ராநெட்ல இருக்கு, படிச்சுக்கோங்க, நம்ம கல்ச்சர் தானா புரிஞ்சிடும்' என்றார்கள். இன்ட்ராநெட் என்றால் ஊழியர்கள் மட்டும் பார்க்கும் கம்பெனியின் உள் இணையதளம், போர்ட்டல் என்றும் சொல்வோம். நானும் ஒரு பக்கம் விடாமல் படித்தேன். லீவுக்கு ஒரு வாரம் முன்னால் போர்ட்டலில் அப்ளை செய்ய வேண்டும் என்று இருந்தது. எங்கள் ஊர்க் கோயில் கொடைக்குப் பத்து நாள் முன்னாலேயே அப்ளை செய்தேன். மேனேஜர் அப்ரூவ் செய்துவிட்டு போன் போட்டு, 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா' என்றார். குரலே சரியில்லை. அப்புறம், 'வெளிப்படையாகப் பேசுவோம்' என்று போர்ட்டலின் முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அதை நம்பி, எம்.டி. கலந்துகொண்ட ஆன்லைன் கூட்டத்தில் 'இந்த வருட இன்சென்டிவ் எப்போது வரும்?' என்று சாட்டில் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் கழித்து ஒரு சீனியர் அக்கா தனியாக மெசேஜ் அனுப்பினார்: 'இதெல்லாம் இங்க கேக்க மாட்டாங்கப்பா.' லேப்டாப் ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடுவது என்று போர்ட்டலில் பார்த்தால், வேலையை விட்டுப் போனவரின் எண் இருக்கிறது. எது பொய் மேடம், போர்ட்டலா, மனுஷங்களா?"

அன்புள்ள வாசகிக்கு,

லீவு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் செய்ததில் தவறு எதுவும் இல்லை. ஆனாலும் உங்கள் மேனேஜருக்கு ஏன் சுருக்கென்றது என்று எனக்குப் புரிகிறது. கல்யாணப் பத்திரிகையை நினைத்துப் பாருங்கள். முகூர்த்த நேரம், மண்டபம், இரு வீட்டுப் பெரியவர்கள் பெயர் எல்லாம் அதில் இருக்கும். எந்த வீட்டுக்குத் தாம்பூலத் தட்டோடு நேரில் போக வேண்டும், யாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்பது மட்டும் எந்தப் பத்திரிகையிலும் அச்சாகியிருக்காது. சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு, "தேதி நேரமெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் போர்ட்டல் அந்தப் பத்திரிகை மாதிரிதான். லீவு பாலிசி சொல்வது அனுமதி வாங்கும் வழியை. மேனேஜருக்கு வேண்டியிருந்தது வேறு: நீங்கள் லீவில் இருக்கும் நாட்களில் உங்கள் வேலையை யார் தலையில் கட்டுவது என்று யோசிக்கக் கொஞ்சம் அவகாசம். ஜிஎஸ்டி ரிட்டர்ன் 11ஆம் தேதி ஒன்று, 20ஆம் தேதி ஒன்று என்று ஓடுகிற பிரிவு உங்களுடையது. அந்தத் தேதிகளை ஒட்டி நீங்கள் லீவு கேட்டிருந்தால், போர்ட்டலிலிருந்து வந்த அப்ரூவல் மெயிலைப் பார்த்ததுமே அவருக்குப் பகீரென்றிருக்கும். ஒரு போன் செய்து, "சார், அந்த வாரம் லீவு போடலாம்னு இருக்கேன், ஏதாவது இடைஞ்சல் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு அப்ளை செய்திருந்தால், அதே லீவு, அதே அப்ரூவல், குரல் மட்டும் வேறு மாதிரி இருந்திருக்கும். ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்தால் இதை முதல் மாதத்திலேயே பக்கத்து சீட்டைப் பார்த்துக் கற்றிருப்பீர்கள். கோவில்பட்டியில் உங்களுக்குப் பக்கத்து சீட் கிடையாது. உங்கள் சிக்கலின் பெரும்பகுதி அதுதான், உங்கள் புத்திசாலித்தனத்தில் குறை ஒன்றும் இல்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த எட்கர் ஷைன், 1985இல் நிறுவனக் கலாசாரத்தைப் பற்றி எழுதியபோது அதை மூன்று அடுக்காகப் பிரித்தார். கண்ணில் படுவது முதல் அடுக்கு: கட்டடம், உடை, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது மாதிரி. இரண்டாவது, நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. மூன்றாவது, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோரும் உண்மை என்று எடுத்துக்கொண்டு நடப்பது. போர்ட்டலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இரண்டாவது அடுக்கு. அந்த அக்கா மெசேஜில் சொன்னது மூன்றாவது. எந்தக் கம்பெனியிலும் இந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி எவ்வளவு, எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பதுதான் புதிதாகச் சேர்ந்தவரின் வேலை. அதற்குப் போர்ட்டல் நிஜமாகவே உதவும், படிக்கும் விதம் தெரிந்தால்.

ஒரு சின்ன விலகல். இன்று நாம் பார்க்கிற உலகளாவிய வலை (வெப்) மொத்தமும் பிறந்ததே ஒரு நிறுவனத்தின் உள்விவகாரத்தைத் தீர்க்கத்தான். ஜெனிவாவுக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள், இரண்டு வருடம் இருந்தாலே சாதாரணம். ஒவ்வொருவர் போகும்போதும் அவருக்குத் தெரிந்ததும் கூடவே போய்விட்டது. இதற்கு ஒரு வழி வேண்டும் என்று 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிக் கொடுத்த யோசனைதான் பிறகு உலகமெங்கும் பரவியது. அந்த மையத்தின் உள்ளேயே ஆரம்பத்தில் மக்களை அதன் பக்கம் இழுத்தது எது தெரியுமா? டெலிபோன் டைரக்டரி. பெரிய பெரிய விஞ்ஞானிகள் இருந்த இடத்திலும் முதலில் தேவைப்பட்டது, யார் எங்கே இருக்கிறார், எந்த எண்ணில் கிடைப்பார் என்பதுதான். நீங்களும் லேப்டாப் ரிப்பேருக்கு அதைத்தானே தேடினீர்கள்?

இனி என் கதை ஒன்று. 2011 வாக்கில் நான் எச்.ஆரில் இருந்த ஒரு தொழிற்சாலையில் ஆசை ஆசையாக ஒரு இன்ட்ராநெட் போட்டோம். முகப்பில் எம்.டி. படம், அதன் கீழே கம்பெனியின் மதிப்புகள், அதில் முதலாவது 'நாம் ஒரே குடும்பம்'. மூன்று மாதம் கழித்து ஐ.டி. பையன் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான், எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று. முதலிடம் கேன்டீன் மெனு. அடுத்தது கம்பெனி பஸ் ரூட். மதிப்புகள் பக்கத்துக்குப் போனவர்கள் பெரும்பாலும் அதை எழுதிய நாங்களேதான். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மெனுவை முகப்பிலிருந்து எடுத்து உள்ளே எங்கோ ஒரு மூலையில் தள்ளினோம். அசட்டுத்தனம். அதோடு போர்ட்டலுக்கு வருகிற கூட்டமே நின்றுவிட்டது.

ஒரு சூப்பர்வைசர்தான் விளக்கினார். "மேடம், எல்லாரும் சாப்பாட்டு ஆசையிலயா அதைப் பாத்தாங்க? புதன்கிழமை ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு பிரியாணின்னு போட்டிருக்கு, நைட் ஷிஃப்ட்டுக்கு என்ன போட்டிருக்குன்னு பாருங்க." பார்த்தேன். லெமன் சாதம், அப்பளம். இரண்டு பட்டியலும் ஒரே பக்கத்தில், பக்கத்தில் பக்கத்தில். நாங்கள் 'ஒரே குடும்பம்' என்று எழுதிவைத்துவிட்டு, அந்தக் குடும்பத்தில் யார் எந்தப் பந்தியில் உட்கார வேண்டும் என்பதையும் நாங்களே டைப் அடித்துப் போட்டிருந்தோம், அது தெரியாமலே. நைட் ஷிஃப்ட்டுக்குப் புதிதாக வந்த பையன் கம்பெனியின் கலாசாரத்தை அந்த மெனுவில் மிகச் சரியாகப் படித்திருந்தான்.

ஆக, போர்ட்டலில் எதைப் படிப்பது என்று கேட்டால், கலாசாரம் என்று தலைப்புப் போட்ட பக்கத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். யாரும் உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று நினைக்காமல் போட்டுவைத்த பக்கங்களில்தான் சரக்கு இருக்கிறது. பக்கத்தின் கீழே கடைசியாகத் திருத்திய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். செலவுத் தொகை திரும்ப வாங்கும் படிவம் போன மாதம் திருத்தப்பட்டிருக்கிறது, பயிற்சிப் பக்கம் மூன்று வருடமாக அப்படியே கிடக்கிறது என்றால், எதில் ஆட்கள் கண்ணாக இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். டைரக்டரியில் பெயருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? சில இடங்களில் பதவி மட்டும், சில இடங்களில் 'இவரிடம் இதைக் கேட்கலாம்' என்று ஒரு வரி. சர்க்குலர்கள் யார் பெயரில் வருகின்றன, 'நிர்வாகம்' என்றா, ஒரு மனிதரின் பெயரிலா?

எனக்குப் பிடித்தது பாராட்டுப் பக்கம். 'ஸ்டார் ஆஃப் தி மன்த்' என்றோ வேறு ஏதோ பெயரிலோ உங்களிடமும் இருக்கும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கடந்த ஒரு வருடப் பாராட்டுகளை மொத்தமாகப் படியுங்கள். யார் வாங்கினார்கள் என்பதை விடுங்கள், எதற்காக என்று மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். 'ஞாயிறும் வந்து முடித்துக்கொடுத்தார்', 'இரவு இரண்டு மணிவரை இருந்தார்' என்றே வரிசையாக வந்தால், வேலையும் வீடும் பற்றி எச்.ஆர். பக்கம் என்ன சொன்னாலும் சரி, அங்கே மேலே ஏறும் வழி எது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. 'கஸ்டமர் பில்லில் இருந்த தவறை அவரே கண்டுபிடித்துச் சொன்னார்' என்று நாலைந்து இடத்தில் இருந்தால் சந்தோஷப்படுங்கள், அந்த இடத்தில் தவறைச் சொன்னால் தலை போகாது.

இன்சென்டிவ் கேள்விக்கு வருகிறேன். சென்னையில் பல்லாயிரம் பேர் வேலை பார்க்கிற எச்.சி.எல். டெக்னாலஜீஸில் 2005இல் வினீத் நாயர் பொறுப்பேற்றார். அவர் இன்ட்ராநெட்டில் ஒரு பகுதி திறந்தார். எந்த ஊழியரும் அவரிடம் கேள்வி கேட்கலாம், கேள்வியும் பதிலும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சம்பளம், கேன்டீன், ஏசி என்று குறை ஏதாவது இருந்தால் டிக்கெட் போடலாம், அதாவது புகாரைப் பதிவு செய்யலாம், அதை முடித்துவைக்கும் உரிமை டிக்கெட் போட்ட ஊழியருக்கு மட்டும்தான். தன்னைப் பற்றி மற்றவர்கள் கொடுத்த மதிப்பீட்டையும் அவர் எல்லோரும் பார்க்கும்படி அதே இன்ட்ராநெட்டில் போட்டார். அங்கே வெளிப்படைத்தன்மை என்று வார்த்தையில் எழுதியிருந்தார்களா இல்லையா என்பதே முக்கியமில்லை. டிக்கெட்டை மூடும் பட்டன் யார் கையில் இருந்தது, அதுதான் சேதி.

ஐபிஎம் 2003 ஜூலையில் செய்தது இன்னும் துணிச்சல். நம் மதிப்புகள் என்னவாக இருக்க வேண்டும் என்று எல்லா ஊழியர்களையும் 72 மணி நேரம் இன்ட்ராநெட்டில் பேசவிட்டார்கள். கிட்டத்தட்ட பத்தாயிரம் கருத்துகள் வந்து குவிந்தன. ஆரம்ப மணி நேரங்களில் வந்ததெல்லாம் ஒரே வசவு. இதை நிறுத்திவிடலாம் என்று மேலிடத்திலேயே குரல் எழுந்தது. தலைவர் சாம் பல்மிசானோ நிறுத்தவில்லை. அந்த மூன்று நாளும் பார்த்த ஒரு புது ஊழியருக்கு, இங்கே முணுமுணுப்பை வாய்விட்டுச் சொன்னாலும் கரண்ட்டைப் பிடுங்க மாட்டார்கள் என்று புரிந்திருக்கும்.

உங்கள் கம்பெனி அந்த ரகம் இல்லை, குறைந்தபட்சம் சம்பளத்தைப் பற்றிய பேச்சில். அந்த அமைதியே ஒரு பதில்தான். ஆனால் அதிலிருந்து 'இங்கே வாயே திறக்கக் கூடாது' என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். எம்.டி.க்கு முன்னால், எழுத்தில், எல்லோரும் பார்க்கக் கேட்டால் பதில் வராது என்பது மட்டும்தான் இதுவரை உங்களுக்குத் தெரியும். எங்கே கேட்டால் வரும் என்பது அந்த அக்காவுக்குத் தெரியும். அவர் மெசேஜை நீங்கள் மிரட்டலாக எடுத்துக்கொண்டீர்களோ என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. எனக்கு அது அப்படிப் படவில்லை. ஐந்து மாதத்தில் உங்கள் ஆபீஸைப் பற்றி ஒருவர் வலியவந்து சொன்ன முதல் உண்மை அது. அடுத்த முறை சென்னை போகும்போது அவரோடு டீ குடிக்கப் போங்கள். "ஏன்க்கா கேக்க மாட்டாங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள், அது வாதாடுகிற மாதிரி இருக்கும். "அப்போ இதை எங்கேக்கா கேக்கணும்?" என்று கேளுங்கள். 'மேனேஜர்கிட்ட தனியா கேளு', 'ஏப்ரல் வரை பொறு', 'பேரோல்ல இன்னார்கிட்ட கேட்டா சொல்வாரு' என்று ஏதாவது ஒன்று வரும். போர்ட்டல் முழுக்கத் தேடினாலும் அது கிடைக்காது.

ஒன்றில் மட்டும் இந்த விட்டுக்கொடுப்பு வேண்டாம். போர்ட்டலில் இருக்கிற எல்லாமே கலாசாரம் கிடையாது, சில பக்கங்கள் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த நிறுவனத்திலும் பணியிடப் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம், தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம்வரை அனுமதிக்கலாம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது வீடியோ காலிலும் சாட்டிலும் நடப்பதற்கும் இதே வழிதான். அதே மாதிரி மகப்பேறு விடுப்பு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், 2017 திருத்தத்திலிருந்து. இந்த இடங்களில் யாராவது 'இதெல்லாம் இங்க கேக்க மாட்டாங்க' என்றால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உள்ளகக் குழு உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் உங்கள் போர்ட்டலில் இருக்கிறதா, அந்த எண்ணாவது வேலையை விட்டுப் போனவருடையதாக இல்லாமல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இன்னொரு கஷ்டமும் இருக்கிறது, நீங்கள் எழுதவில்லை, நானாக ஊகிக்கிறேன். போர்ட்டல் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். ஆபீஸ் நடப்பதோ தமிழில். 'டியர் ஆல்' என்று தொடங்கும் மெயிலில் உங்கள் மேனேஜர் எல்லோருக்கும் சமமானவர், போனில் 'சார்'. டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் ஓடுகிற கிண்டலும் கோபமும் போர்ட்டலில் ஒரு சொட்டுகூடச் சிந்தாது. அந்தக் குரூப்பில் உங்களைச் சேர்த்திருக்கிறார்களா? சேர்க்கவில்லை என்றால் கூச்சப்படாமல் கேட்டுச் சேருங்கள். சேர்ந்த பிறகு ஒரு மாதம் அதிகம் பேசாமல் கவனியுங்கள். யார் சொன்னால் உடனே 'ஓகே' வருகிறது, யார் மெசேஜ் பதில் இல்லாமல் தொங்குகிறது என்று பார்த்தாலே, போர்ட்டலில் இருக்கும் பதவி வரிசைப் படத்தைப் பாதி திருத்தி வரைந்துவிடலாம். அங்கே புலம்ப மட்டும் வேண்டாம். எந்தக் குரூப்பிலும் ஒரு ஸ்கிரீன்ஷாட் ஆசாமி இருப்பார்.

பக்கத்து சீட்டே இல்லாமல் ஒரு கம்பெனி முழுக்க நடத்த முடியுமா என்று உங்களுக்கு ஆர்வம் இருந்தால், கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கையேட்டைப் புரட்டுங்கள். அவர்களுக்கு எல்லோரும் வந்து உட்காரும் அலுவலகம் கிடையாது, உலகெங்கும் வீட்டிலிருந்தே வேலை. அதனால் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறார்கள், அதையும் வெளியார் படிக்கும்படி திறந்தே வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் தவறாக இருந்தால் எந்த ஊழியரும் திருத்தம் முன்வைக்கலாம். படித்துவிட்டு உங்கள் போர்ட்டலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவீர்கள், விட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த லேப்டாப் ரிப்பேர் எண். ஜெராக்ஸ் கம்பெனியில் காப்பியர் ரிப்பேர்க்காரர்களோடு 1980களில் கூடவே சுற்றிய ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர் ஒன்றைக் கவனித்தார். கம்பெனி கொடுத்த தடித்த கையேட்டில் இல்லாத கோளாறுகளை, அவர்கள் சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் கதை சொல்லித்தான் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு 1990களில் அந்தக் கைப்பக்குவங்களை எல்லாம் சேர்த்துவைக்க 'யுரேகா' என்று ஒரு தொகுப்பு வந்தது. எழுதுபவரும் ரிப்பேர்க்காரர், சரிபார்ப்பவரும் ரிப்பேர்க்காரர். எழுதினால் பணம் தரலாமா என்று யோசனை வந்தபோது அவர்களே வேண்டாம் என்றார்கள், பணம் வந்தால் எண்ணிக்கைக்காக எழுதுவார்கள் என்று. குறிப்பின் அடியில் எழுதியவரின் பெயர் இருந்தால் போதும் என்றார்கள்.

உங்களிடம் எழுத இப்போதே இரண்டு விஷயம் இருக்கிறது. முதலில் அந்த எண்ணைத் திருத்தச் சொல்லி, போர்ட்டலைப் பார்த்துக்கொள்பவருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள், சரியான எண்ணையும் நீங்களே விசாரித்துக் கொடுத்து. நன்றி என்று பதில் வருகிறதா, எத்தனை நாளில், யாரிடமிருந்து என்று குறித்துக்கொள்ளுங்கள். அது நல்லபடியாகப் போனால், அடுத்த மாதம் எச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள்: லீவு பக்கத்தில் புதிதாகச் சேருபவர்களுக்காக ஒரு வரி சேர்க்கலாமா, 'அப்ளை செய்யும் முன் உங்கள் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்' என்று. சேர்க்கிறார்களா, 'அதெல்லாம் பாலிசியில் எழுத முடியாதும்மா' என்கிறார்களா என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.